செருப்பை எடுத்து வைத்த சம்பந்தி

பிள்ளையைப் பெற்றவன் என்றால் கொஞ்சமாவது முறுக்கு வேண்டாமா? நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டாமா? "எங்க பையனுக்கு என்ன குறைச்சல்" என்று ஒரு வார்த்தையாவது நம் காதில் விழ வேண்டாமா? என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா, நாங்கள் முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போன அன்று, வெளியே தூறல் விழுகிறது என்று குனிந்து என் செருப்பைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். "ஐயையோ, என்னங்க இது, விடுங்க" என்று பதறினேன். "நனைஞ்சிடும்ங்க" என்றார். என் மனைவி உருகிப் போனாள். நான் உருகவில்லை.

ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

என் தொழில் அப்படி. நான் லிஃப்ட் ஆய்வாளன். கூண்டுக்குள் கண்ணாடி பளபளக்கும், மெல்லிசாகப் பாட்டு கேட்கும், வாசனை கூட அடிப்பார்கள். நான் அதில் மயங்குவதில்லை. நேராக மேலே மோட்டார் அறைக்குப் போய்க் கயிற்றைத் தடவிப் பார்ப்பேன். உள்ளே அலங்காரம் கூடுதலாக இருக்கிற கட்டடத்தில் கயிறு நைந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். லிஃப்டுக்குச் சரியாக வருவது சம்பந்திக்கு வராதா என்ன?

அவரும் லிஃப்ட் மெக்கானிக்காம். இந்தத் தொழிலில் நரைத்துப்போன எனக்கு அவரைப் பற்றி ஒரு சொல்கூடக் காதில் விழுந்ததில்லை. கேட்டால், வேறு ஊரிலிருந்து குடிவந்தவராம். ஏன் வந்தார், எதை விட்டு ஓடி வந்தார்? இது இரண்டாவது சந்தேகம்.

மூன்றாவது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அந்தச் சின்ன வீட்டில் கைவைத்த நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு கிழவர். பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. டீ வந்தபோது முதல் டம்ளர் எனக்கு வரவில்லை, அவருக்குப் போனது.

"உங்க அண்ணனா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. எங்க பெரியவர்."

"அப்ப வீட்டம்மா வழியில சொந்தமா?"

"இல்லீங்க. எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்."

வேண்டியவர் என்றால் என்ன உறவு? பையனின் அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். பெரியவரோ பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு மூத்தது ஒரு மகன். வெளிநாட்டில் வேலை என்று ஊருக்குச் சொல்கிறோம். இதே ஊர் எல்லையில் இருக்கிற சிறைக்குள் இருக்கிறான் என்பதுதான் நிஜம். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏழைபாழைகளை நம்பவைத்து ஏமாற்றினான். நான் அவனைத் தலைமுழுகிவிட்டேன், ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. என் மனைவி மட்டும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஜெபக்கூட்டத்துக்கு எதற்குத் துவைத்து மடித்த ஆண்பிள்ளைச் சட்டை என்று நான் கேட்கவில்லை.

இந்த விஷயம் வெளியே தெரிந்துதான் மகளுக்கு ஏற்கெனவே அமைந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. அதனால் இந்த முறை கல்யாணம் உறுதியாகிற வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அன்று என் மனைவி பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "எங்க பெரியவன் வெளிநாட்டுல இருக்கான்" என்றாள். அந்த மனிதர் தலையைக் குனிந்து டம்ளரையே பார்த்தார். அவ்வளவுதான். எந்த நாடு, என்ன கம்பெனி, எப்போது வருவான், ஒன்றும் இல்லை! வெளிநாடு என்றதும் எந்த நாடு என்று கேட்காத மனிதன் உலகத்தில் உண்டா? தன்னைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவன்தான் அடுத்தவனைக் கேட்கமாட்டான்.

கிளம்பும்போது, "நல்ல குடும்பமா அமைஞ்சிருக்கீங்க" என்று ஒப்புக்குச் சொன்னேன். "எல்லாம் கிருபைங்க. எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் கிருபைக்காரர்.

நானும் சபைக்குப் போகிறவன்தான். முன்வரிசையில் உட்காருகிறவன். தேவகிருபை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். தகுதியில்லாதவனுக்கு ஆண்டவர் சும்மா கொடுப்பது. அதைப் பாடுவேன், ஆமென் சொல்வேன், வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். அடுத்தவன் செருப்பைத் தூக்கச் சொல்கிற கிருபை எனக்குப் புதிது.

"நடிப்பு" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"உங்களுக்கு எதுதான் நடிப்பில்ல?" என்றாள் மனைவி. "மரியாதை குடுக்கலன்னாலும் குத்தம், குடுத்தாலும் குத்தமா?"

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, எனக்கு இவரத் தவிர வேற யாரும் வேணாம். நீங்க வேணாம்னு சொன்னா ஓடிப்போக மாட்டேன். ஆனா அதோட என் கல்யாணப் பேச்ச விட்டுடுங்க" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் என்னை உலுக்கியது. இவள் வாழ்க்கையை ஒரு வேஷக்காரன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிடக் கூடாது என்று விசாரணையில் இறங்கினேன்.

முதலில் அவர்கள் சபையின் பாஸ்டரைப் பிடித்தேன்.

"நல்ல மனுஷன்ங்க" என்றார்.

"குறைன்னு ஒண்ணுமே இல்லயா?"

"இல்லாம இருக்குமா? அவரையே கேளுங்க, சொல்லுவார்."

இது ஒரு பதிலா? மூடி மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அடுத்து, கிருபைக்காரர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போனேன். என் அடையாள அட்டையைப் பார்த்துக் காவலாளி வழிவிட்டான். மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்து இரும்பு ஏணியில் ஏறி மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் வாசனை, மின்விசிறி இல்லாத புழுக்கம். அவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் நுனியில் ஒரு துண்டுச் சிவப்பு ஒயர், அது பெட்டிக்குள் மாட்டியிருந்தது.

கதவு சரியாக மூடாமல் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்காகக் கதவுப் பூட்டிலிருந்து ஒரு மின்தொடர்பு வரும். கோளாறு எங்கே என்று தேடும்போது மெக்கானிக் ஒரு துண்டு ஒயரை மாட்டி அந்தத் தொடர்பைத் தாண்டிவிடுவான். அது மாட்டியிருக்கிற வரை கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும். எல்லா மெக்கானிக்கும் அந்த ஒயரைப் பையில் போட்டு வைத்திருப்பான். தன்னையே அதோடு கட்டிப்போட்டுக்கொண்டு வேலை செய்கிறவனை நான் பார்த்ததில்லை.

"என்னங்க இது, மாட்டக் கட்டின மாதிரி?" என்றேன்.

என்னை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் சிரித்தார். "இத கழட்டாம எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க. அதுக்குத்தான்."

"ஞாபகமறதியா?"

"ஒரு தடவ மறந்திருக்கேன்ங்க" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழேயிருந்து ஒரு குரல், "யோவ், லிஃப்ட் இன்னைக்கு ஓடுமா ஓடாதா? தண்டச் சம்பளம் வாங்கறீங்களா?" என்று கத்தியது. கத்தியவரின் ஆட்கள் பீரோவை ஏற்றும்போது கதவை இடித்து வளைத்ததால்தான் லிஃப்டே நின்றிருந்தது, வரும்போதே நான் பார்த்தேன். இவர் அதைச் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்க சார், இதோ ஆச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஷமே இல்லாத ஜென்மம்!

அந்த ஒரு தடவை மறந்தபோது என்ன ஆனது? கட்டடத்து எலக்ட்ரீஷியன் கிருபைக்காரரின் பழைய ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? பெரிய விபத்தாச்சே" என்றான். "ஒயரக் கழட்டாம அவரு சாப்பிடப் போயிட்டாரு. தபால்காரர் ஒருத்தர் கதவு தெறந்திருக்கேன்னு உள்ள ஒரு கால வச்சாரு, லிஃப்ட் மேல ஏறிடுச்சு. காலு போச்சு. மெக்கானிக்குக்கு தண்டனையும் ஆச்சு, உள்ள இருந்துட்டு வந்தாரு."

"அந்தத் தபால்காரர்?"

"இப்ப இவரு வீட்லதான சார் இருக்காரு."

பிடிச்சேன் பார்! வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கொண்டாட்டம். செருப்புத் தூக்கிய கையின் மர்மம் விளங்கிவிட்டது. ஒரு மனிதனை முடமாக்கிவிட்டு, ஊர் வாயை மூட அவரையே வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கிருபை கிருபை என்று வேஷம். மகளிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்பா" என்றாள்.

"என்னது?"

"பழக ஆரம்பிச்சப்பவே அவங்கப்பாவப் பத்தி அவர் எங்கிட்ட சொல்லிட்டார். நான்தான் நம்ம விஷயத்த இன்னும் சொல்லாம இருக்கேன். நீங்க சொல்லக் கூடாதுன்னதால."

எனக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நாளைக்கே போய் இத முறிச்சிட்டு வர்றேன்" என்று கத்தினேன்.

"சரிப்பா. ஆனா அவங்கப்பா முகத்தப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேணாம்" என்றாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

மறுநாள் மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன். கிருபைக்காரர் இல்லை. பெரியவர்தான் ஊன்றுகோலோடு வந்து திறந்தார். "வாங்க வாங்க. ரெண்டு பேரும் கடைக்குப் போயிருக்காங்க. உக்காருங்க" என்றவர், உட்கார்வதற்குள், "விசாரிச்சு முடிச்சாச்சா?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. "உங்க கால எடுத்தவர் இவர்தானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படி இங்க இருக்கீங்க? வெளிய வாயத் திறக்காம இருக்க உங்கள இப்படி வச்சிருக்காரா? மிரட்டறாரா?"

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "சாட்சியெல்லாம் அன்னைக்கே நல்லா நறுக்குன்னு சொல்லிட்டேன் சார். அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் கூடுதலா தண்டனை கெடைக்கணும்னு ஆசப்பட்டவன் நான்."

பிறகு அவராகவே சொன்னார். "விபத்து நடந்ததும் ஆஸ்பத்திரிக்கு தினம் வருவான். உள்ள வரமாட்டான், வாசல்ல நிப்பான். மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு எரியும். நடந்து நடந்து தபால் குடுத்துப் பொழச்சவன் சார் நான். பாஸ்டர் வேற பக்கத்துல உக்காந்து மன்னிப்பு, மன்னிப்புன்னு காதக் கடிக்கிறார். ஒரு நாள் தாங்க முடியாம, 'சரி, மன்னிச்சிட்டேன், போய்த்தொலை'ன்னு கத்தினேன். தொரத்தறதுக்காகச் சொன்னது. மனசுல மன்னிப்பும் இல்ல, மண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"அந்த முட்டாள் அத நம்பிட்டான் சார்! அங்கேயே உக்காந்து அழுதான். மறுநாள் கஞ்சி போட்டு எடுத்துட்டு உள்ளயே வந்துட்டான். ஜெயில்லேருந்து வந்ததும் மொதல்ல என்னத்தான் தேடி வந்தான். எனக்குன்னு யாரும் இல்லன்னு தெரிஞ்சதும் இங்க கூட்டிட்டு வந்துட்டான். நான் குத்திக் கேட்டேன், 'எனக்குச் சோறு போட்டா என் கால் கணக்கு தீந்துடுமா'ன்னு. அதுக்கு அவன், 'இல்லண்ணே, அத எந்த ஜென்மத்துலயும் என்னால ஈடுகட்ட முடியாது. அதான் நீங்க சும்மாவே மன்னிச்சிட்டீங்களே. ஆண்டவரும் மன்னிச்சிட்டார். இது சந்தோஷத்துல செய்யறது'ங்கறான்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் சொன்னது பொய்யின்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல சார். அவன் நம்பினத உண்மையாக்க எனக்குத்தான் வருஷக்கணக்காச்சு."

"இப்ப உண்மையாவே மன்னிச்சிட்டீங்களா?" என்றேன். சந்தேகம் என் ரத்தத்தில் ஊறியது, அத்தனை சீக்கிரம் போகுமா?

"சில காலையில இல்ல. இல்லாத கால் அரிக்கும் பாருங்க, அப்ப இல்ல. அப்புறம் அவன் டீ எடுத்துட்டு வருவான்."

அப்போது கதவு திறந்தது. கிருபைக்காரர் பையோடு நின்றார், பின்னால் அவர் மனைவி. என் முகத்தையும் பெரியவர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தார்.

"ஏன் இத மொதல் நாளே சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

"சொல்லத்தாங்க இருந்தேன்..."

"நான்தான் வேணாம்னேன்" என்று பெரியவர் குறுக்கே விழுந்தார். "என் கால் கத. அத நான்தான் சொல்லுவேன்."

கிருபைக்காரர் தரையைப் பார்த்தார். "நேத்து மோட்டார் ரூம்ல மனசு கேக்காம சொல்ல வந்தேன். முடியல. மன்னிச்சிடுங்க. இதக் கேட்டப்புறம் உங்க பொண்ண இங்க குடுக்கத் தயக்கமாத்தான் இருக்கும். வேணாம்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். பையன்கிட்டயும் நானே பேசறேன்."

முறிக்க வந்தவன் கையில் கத்தியைக் கொடுத்துக் கழுத்தையும் நீட்டுகிறார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. "நீங்க ஏன் எங்களப் பத்தி ஒண்ணுமே விசாரிக்கல?" என்று கேட்டேன். "மத்தவங்கல்லாம் தோண்டித் துருவுவாங்க. நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கல. ஏன்?"

"விசாரிச்சு என்னங்க பண்ணப் போறேன்?" என்றார். "எது தெரிஞ்சாலும் வேணாம்னு சொல்ற எடத்துல நான் இல்லீங்க. என்னயவே ஒருத்தர் வேணாம்னு சொல்லல."

வாசலைப் பார்த்தேன், போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

"என் மகன் வெளிநாட்டுல இல்ல" என்றேன். "ஜெயில்ல இருக்கான்."

"தெரியும்ங்க" என்றார் மெதுவாக.

"எப்படி?"

"நானும் இந்த அண்ணனும் சபையிலேருந்து மாசம் ஒரு சனிக்கிழம அங்க போறோம்ங்க. உள்ள இருக்கறவங்களோட பேசிட்டு வருவோம். உங்க மகனப் பாக்க வந்த உங்க வீட்டம்மாவ அங்க வரிசையில பார்த்திருக்கேன். அவங்க என்னக் கவனிச்சதில்ல. அன்னைக்கு இங்க வந்து வெளிநாடுன்னு சொன்னப்ப, அவங்க சங்கடப்படக் கூடாதேன்னுதான் டம்ளரப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"அது நீங்களா சொல்ல வேண்டியது. நான் எப்படிங்க கேக்கறது?"

என் மனைவி அந்த வரிசையில் தனியாக நிற்பதை இந்த மனிதர் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. "அவன்... என்னப் பத்தி ஏதாவது பேசுவானா?"

அவர் தயங்கினார். "பேசுவார்ங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலயோ என்னவோன்னு கவலப்படுவார். ஏணியெல்லாம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத அப்பா கேக்கமாட்டாரேம்பார்."

எனக்குக் கண் மறைத்தது. கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெரியவர் தன் தோள் துண்டை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

"நான் வந்தா அவன் என்னப் பாக்க வருவானா?" என்றேன்.

"தெரியலீங்க" என்றார் கிருபைக்காரர். பொய் சொல்லவில்லை.

"வரலன்னா அடுத்த மாசமும் போய் நில்லுங்க" என்றார் பெரியவர். "நின்னா என்ன, கால் ரெண்டும் இருக்குல்ல?"

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மகள். எடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, வேணாம்னு சொல்லிட்டீங்களா?" என்றாள்.

எதிரே நின்றவரைப் பார்த்தேன். அவர் இன்னமும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார்.

"இல்லம்மா" என்றேன். "எல்லாம் தெரிஞ்சும் அவங்க நம்மள வேணாம்னு சொல்லலம்மா."